காற்றுவாக்கில்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு
ரொட்டிக்கடை வாசலைக் கூட்ட வந்த வீபெக்கே
நிமிர்ந்து பார்த்தாள்.
தேவாலயக் கோபுரத்தின் உச்சியில்
காற்றுக்குத் திசை சொல்லும் செப்புச் சேவல்
கால்சட்டை போட்டிருந்தது.
மஞ்சள் நிறம். ஆண்களுடையது.
ஒரு கால் சேவலுக்கு, மறு கால் வானத்துக்கு.

டென்மார்க்கின் மேற்குக் கரையில், எங்கள் ஹெஸ்ட்விக்கில்,
காற்று எதையும் எடுத்துப் போகும்.
குடை, குப்பைத்தொட்டி மூடி,
ஒருமுறை ஒரு கூடாரம்,
உள்ளே தூங்கியவனை மட்டும் விட்டுவிட்டு.
அதெல்லாம் செய்தியில்லை.
எடுத்ததை ஓரிடத்தில் மாட்டிவைத்தால்தான் செய்தி.

ஒன்பதரைக்கு ஆர்ஹூஸிலிருந்து நேரலை வண்டி வந்தது
தலையில் தட்டைச் சுமந்துகொண்டு.
"கால்சட்டை இன்னமும் அங்கேதான் இருக்கிறது"
என்றார் நிருபர், கால்சட்டைக்கு முன்னால் நின்று.
"இப்போதைய நிலவரம் என்ன?"
என்று கேட்டது ஸ்டுடியோ.
நிருபர் திரும்பிப் பார்த்தார்.
"தொங்குகிறது."

நான் உள்ளூர்ப் பத்திரிகையில் தலைப்பு எழுதுகிறவன்.
ஆறு சொல்லுக்குள் உலகத்தை மடித்துவைக்கிற வேலை,
பதினெட்டு வருடமாக.
அந்த வாரம் ஒரே கால்சட்டைக்குப் பதினொரு தலைப்பு.

வானிலை அறிஞர் அம்புக்குறிகள் போட்டார்,
ஏதோ ஒரு கொடிக்கயிற்றிலிருந்து கோபுரம் வரை.
மனநல நிபுணர்
"ஒரு சமூகம் எதைத் தன் தலைக்கு மேல்..."
என்று தொடங்கினார், நேரம் முடிந்துவிட்டது.
ஓய்வுபெற்ற தையல்காரர் தோர்கில்
தொலைநோக்கியை இறக்காமலே சொன்னார்:
"இடுப்பு தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்."
மாலைக்குள் ஊர் ஆண்களில் பாதிப்பேர்
வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தார்கள்.

"அது என்னுடையதல்ல"
என்று நகரத் தலைவர் அறிக்கை விட்டார்.
அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

பாதிரியார் சிட்செலிடம் மைக்கை நீட்டினார்கள்.
"ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேர் வருவார்கள்.
இன்று நானூறு பேர் மேலே பார்க்கிறார்கள்.
அவசரப்பட்டு இறக்க வேண்டாம்."

தீயணைப்பு ஏணி நாலு மீட்டர் குட்டை.
ட்ரோனைக் கடற்காகங்கள் அடித்துத் தள்ளின.
அதற்கு ஒரு தலைப்பு.
உரிமையாளர் தயங்காமல் முன்வரலாம்,
வழக்கு எதுவும் இல்லை என்றது காவல்துறை.
அதற்கு ஒன்று.

வியாழனன்று ஒன்பதாம் பக்கத்தில் இடம் போதவில்லை.
துறைமுகப் பேருந்து, எண் இருபத்து மூன்று,
திங்கள் முதல் ஓடாது.
ஐந்து வரிச் செய்தி, நான்காக்கினேன்.
வெட்டிய வரியில்
யாரிடம் முறையிடலாம் என்று இருந்தது.

வெள்ளி பிற்பகல் மூன்று பன்னிரண்டுக்குக்
காற்று தான் கொடுத்ததைத் தானே எடுத்துக்கொண்டது.
நான்கு நாள் இமைக்காத கேமரா
அந்த நாற்பது விநாடி
சலவைத்தூள் விளம்பரத்துக்குப் போயிருந்தது.
திரும்பி வந்தபோது சேவல் மட்டும், வெறுங்காலோடு,
வடமேற்கைப் பார்த்தபடி.
நிருபர் அழுதுவிடுவார் போலிருந்தது.

சனிக்கிழமை பழைய தாள்களைக் கட்டும்போது
புதன்கிழமை இதழ் மடிப்பு பிரிந்து விழுந்தது.
பதினான்காம் பக்கம், வரி விளம்பரம்,
பயன்படுத்திய சைக்கிளுக்கும்
இலவசப் பூனைக்குட்டிகளுக்கும் நடுவே:

காணவில்லை. மஞ்சள் கால்சட்டை.
கொடியிலிருந்து பறந்துவிட்டது.
பையில் பேருந்து அட்டை உள்ளது, எண் இருபத்து மூன்று,
வருடக் கடைசி வரை செல்லும்.
கண்டவர்கள் தெரிவிக்கவும். ஆஸ்கெர் ப்ரூன்.
கீழே தொலைபேசி எண்.

எண்பத்தைந்து குரோனர் கட்டி
எங்கள் தாளிலேயே போட்டிருக்கிறார் மனிதர்,
நாங்கள் ஊரெல்லாம் தேடிய அதே புதன்கிழமை.

எனக்கு எப்படித் தெரியும்?
வரி விளம்பரங்களுக்குத்
தலைப்பு கிடையாது.